புளிப்பு நம் கையில்

எங்கள் கடலூர்ப் பக்கத்தில் பிரெட் என்றால் இனிப்புப் பண்டம். டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பன்னிலும் சர்க்கரை, காய்ச்சல்காரருக்குப் பாலில் தோய்த்துக் கொடுக்கும் துண்டிலும் சர்க்கரை. அந்த ருசிக்குப் பழகிய வீட்டில், கடை ஈஸ்ட் சேர்க்காமல் புளித்த மாவைக் கொண்டே எழுப்பிச் சுடும் சவர்டோ ரொட்டியை வைத்தால், முதல் வாய் மென்றதும் தட்டை நகர்த்திவிடுகிறார்கள். “புளிச்சுப் போச்சு” என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு வந்துவிடும்.

நான் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன். பிறந்த வீடு சிதம்பரம் மேல வீதிக்குப் பின்னால். புதுச்சேரி பக்கத்திலேயே இருப்பதால் மொறுமொறுப்பான பிரெஞ்சு ரொட்டியின் ருசி எங்களுக்குப் புதிதில்லை. அங்கே போய்வருகிறவர்களிடம் சொல்லி வாங்கிவரச் செய்த காலம் போய், இப்போது இரண்டு வீட்டிலும் நாங்களே சுடுகிறோம். இத்தனை வருடம் மாவோடு பழகியதில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சவர்டோ எவ்வளவு புளிக்க வேண்டும் என்பதைச் சுடுகிறவர் தீர்மானிக்கலாம். நாக்கில் பட்டும் படாமலும் இருக்கும் புளிப்பும் வரவழைக்கலாம், கண்ணைச் சுருக்க வைக்கும் புளிப்பும் வரவழைக்கலாம். அதற்கு விலை உயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம். மாவுக்குள் என்ன நடக்கிறது என்ற தெளிவும், சமையலறைச் சூட்டை அளக்க ஒரு தெர்மாமீட்டரும் போதும்.

மாவுக்குள் இருக்கும் இரண்டு கூட்டம்

சவர்டோவுக்கு அடிப்படை ஸ்டார்ட்டர். மாவும் தண்ணீரும் சம எடையில் கலந்து மூடிவைத்து, தினமும் அதில் கொஞ்சம் மட்டும் எடுத்துப் புது மாவும் தண்ணீரும் சேர்த்து வந்தால், ஒன்றிரண்டு வாரத்தில் அது நுரைத்துப் பொங்கத் தொடங்கும். கோதுமையின் மேல்தோலில் இருக்கும் நுண்ணுயிர்களே அதற்குக் காரணம். அவற்றில் நமக்கு வேண்டியவை இரண்டு வகை. ஒன்று காட்டு ஈஸ்ட். அது மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. ரொட்டி உப்புவது பெரும்பாலும் அதனால்தான். இன்னொன்று லாக்டிக் அமில பாக்டீரியா. தயிரைப் புளிக்க வைக்கும் அதே பெருங்குடும்பம். புளிப்புக்கு அதுவே பொறுப்பு.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் புளிப்பு ரொட்டிக்குப் பேர்போனது. 1849ல் தொடங்கிய பூடின் பேக்கரி இன்றும் அங்கே இருக்கிறது. அந்த ஊர் மாவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கலிஃபோர்னியாவின் ஆல்பனியில் உள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் க்ளைன், சுகிஹாரா என்ற இருவர் ஆராய்ந்து 1970லும் 1971லும் முடிவுகளை வெளியிட்டார்கள். மாவில் ஒரு ஈஸ்டும் ஒரு பாக்டீரியாவும் சண்டையில்லாமல் சேர்ந்து வாழ்வதை அவர்கள் கண்டார்கள். பாக்டீரியாவுக்குப் பிடித்த மால்டோஸ் சர்க்கரையை அந்த ஈஸ்ட் தொடுவதே இல்லை. அந்த பாக்டீரியாவுக்குச் சான் பிரான்சிஸ்கோவின் பெயரையே வைத்தார்கள். பிறகு அதே பாக்டீரியா ஐரோப்பிய நாட்டு மாவுகளிலும் நிறையத் தென்பட்டது.

“வெளிநாட்டு ஸ்டார்ட்டர் கிடைக்குமா அக்கா?” என்று கேட்கிற பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நான்கு கண்டங்களிலிருந்து 500 ஸ்டார்ட்டர்களை வரவழைத்துச் செய்த ஓர் ஆய்வு 2021ல் வெளிவந்தது. எந்த ஊர் என்பதற்கும் உள்ளே எந்த நுண்ணுயிர் இருக்கிறது என்பதற்கும் அதில் பெரிய தொடர்பு தெரியவில்லை. மஞ்சக்குப்பத்து மாவு மில்லில் அரைத்த கோதுமையிலும் நல்ல ஸ்டார்ட்டர் வரும். அதை எப்படி வளர்க்கிறோம் என்பதில்தான் ருசி இருக்கிறது.

இட்லி மாவு வேறு, ரொட்டி மாவு வேறு

இட்லி மாவு தெரிந்த கைக்கு ரொட்டி மாவு சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி சரி. 1965ல் முகர்ஜி, ஸ்டெய்ன்க்ராஸ் முதலியோர் இட்லி மாவை ஆராய்ந்து, அதைப் புளிக்க வைப்பதோடு பொங்க வைப்பதும் முக்கியமாக லூக்கோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவே என்று எழுதினார்கள். அதாவது இட்லியில் ஒரே கூட்டம் இரண்டு வேலையையும் பார்த்துவிடுகிறது. அந்தக் காற்றைப் பிடித்து வைக்க உளுந்தின் கொழகொழப்பு இருக்கிறது. மாவு கொஞ்சம் கூடுதலாகப் புளித்தாலும் மறுநாள் தோசைக்கு ஆகும்.

ரொட்டியில் அப்படி இல்லை. அங்கே காற்றைப் பிடித்து வைப்பது குளுட்டன் என்னும் கோதுமைப் புரதத்தின் பின்னல். அமிலம் ஓரளவு வரை அந்தப் பின்னலை இறுக்கும். அளவு தாண்டினால், மாவிலுள்ள நொதிகள் தூண்டப்பட்டு அதே பின்னல் அறுந்துவிடும். மாவு கையில் பிசுபிசுவென்று ஒட்டும், உருட்டினால் நிற்காமல் படரும், சுட்டால் தட்டையாக வரும். ஆகையால் புளித்த ரொட்டியும் எழும்பாத ரொட்டியும் பெரும்பாலும் ஒரே ரொட்டிதான். ருசிக்காக மட்டும் நாம் புளிப்பைக் கவனிக்கவில்லை. ரொட்டியின் உருவமும் அதில்தான் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது சூடு

போன சித்திரையில் சிதம்பரத்திலிருந்து தம்பி மனைவி போன் செய்தாள்.

“அண்ணி, மாவு எழும்பவே இல்ல. ஆனா புளிப்பு மட்டும் தூக்கலா இருக்கு. மார்கழியில இதே அளவு போட்டு நல்லாத்தானே வந்துச்சு?”

“எப்ப பிசைஞ்சு வெச்சே?”

“ராத்திரி பத்து மணிக்கு. காலையில ஆறு மணிக்கு மூடியத் திறந்தா கூழ் மாதிரி கிடக்குது.”

“அடுப்பங்கரைல ஜன்னல் சாத்தியிருந்துச்சா?”

“ஆமா அண்ணி, பூனை வருதுன்னு சாத்திட்டேன்.”

அவளுடைய அளவில் தப்பில்லை. அந்த அளவை எழுதியவர் இருந்த ஊரின் சூடு வேறு. பிரெட் செய்முறைகள் பெரும்பாலும் 21 முதல் 24 டிகிரி இருக்கும் சமையலறைகளில் எழுதப்பட்டவை. “இரவு முழுக்க மேசை மேல் வையுங்கள்” என்ற வரி அந்த ஊர்களுக்குச் சரி. சிதம்பரத்தில் அக்கினி நட்சத்திரம் நடக்கும்போது ஜன்னல் சாத்திய அடுப்பங்கரையில் இரவிலும் 30 டிகிரிக்குக் குறையாது. எங்கள் மஞ்சக்குப்பத்துக்கு மதியம் தாண்டியதும் கடற்காற்று வந்துவிடும். சிதம்பரம் கடலை விட்டுத் தள்ளி உள்ளே இருப்பதால் அந்தக் காற்று அங்கே போய்ச் சேரும்போது வலு குறைந்திருக்கும்.

இந்த நுண்ணுயிர்கள் எந்தச் சூட்டில் வேகமாக வளரும் என்று ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். சவர்டோ ஈஸ்டுக்கு 27 டிகிரியை ஒட்டிய சூடு தோது. பாக்டீரியாவுக்கு 32, 33 டிகிரி. 35ஐத் தாண்டினால் அந்த ஈஸ்ட் ஏறக்குறைய நின்றுபோகும், பாக்டீரியா நிற்காது. கத்திரி வெயிலில் நம் சமையலறை இருப்பது சரியாக இந்த இடத்தில்தான். வாயு விடும் கூட்டம் தளர, அமிலம் விடும் கூட்டம் ஓங்குகிறது. எழும்பாமல் புளிக்கும் மாவின் கதை இவ்வளவுதான்.

நான் கோடையில் மாவின் சூடு 25, 26 டிகிரியைத் தாண்டாமல் பிசைந்து முடிக்கப் பார்ப்பேன். அதற்குத் தண்ணீரின் சூட்டை மாற்றினால் போதும். பேக்கரிக்காரர்களின் கணக்கு ஒன்று உண்டு. வேண்டிய சூட்டை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து அறையின் சூட்டையும் மாவின் சூட்டையும் கழித்தால் தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்று தெரியும். மாவு 25 டிகிரியில் வர வேண்டும் என்றால் 75ல் தொடங்குகிறோம். மே மாதம் மத்தியானம் அறை 35, டப்பாவிலுள்ள மாவு 34 என்றால் மீதம் 6. ஐஸ் போட்டால்தான் ஆகும். அதே நாள் விடியற்காலையில் அறை 29, மாவு 30 என்றால் மீதம் 16. மண்பானைத் தண்ணீர் பாதி, ஃப்ரிட்ஜ் தண்ணீர் பாதி கலந்தால் அந்த அளவுக்கு வந்துவிடும். மார்கழியில் அறையும் மாவும் 24 என்றால் 27 வரும். குழாய்த் தண்ணீரே போதும்.

பாத்திரத்தைச் சுற்றி ஈரத்துணி கட்டிவைத்தால் குளிரும் என்று சொல்வார்கள். வறண்ட ஊரில் குளிரும். கடலூரில் சாயங்காலக் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் துணியிலிருந்து தண்ணீர் ஆவியாவது குறைவு, குளிர்ச்சியும் குறைவு. அகலமான டப்பில் தண்ணீர் ஊற்றி, ஒரு தட்டு ஐஸ் கட்டியைப் போட்டு, அதில் மாவுப் பாத்திரத்தை இறக்கி வைப்பதே இங்கே பலன் தருகிறது. கரண்ட் போன நாட்களிலும் அது கைகொடுக்கும்.

ஸ்டார்ட்டரை இளசாக எடுங்கள்

அடுத்தது ஸ்டார்ட்டரின் பருவம். மாவு ஊட்டிய ஸ்டார்ட்டர் மெல்ல ஏறி, உச்சியில் குவிந்து நின்று, பிறகு நடுவில் குழிந்து இறங்கும். குவிந்து நிற்கும்போது அதில் ஈஸ்ட் முழு வேகத்தில் இருக்கும், அமிலம் அளவோடு இருக்கும். முகர்ந்தால் பழ வாசனையும் லேசான மோர் வாசனையும் வரும். இறங்கிய பிறகு வினிகர் நெடி ஏறும். அதைப் போட்டுப் பிசைந்தால், சேர்த்த நிமிடமே ரொட்டி மாவுக்குள் புளிப்பையும் சேர்த்துவிடுகிறோம். புளிப்பு குறைய வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்: குவிந்து நிற்கும்போதே எடுத்துவிடுங்கள், சற்று முன்னால் எடுத்தாலும் சரி.

வெயில் காலத்தில் அந்த உச்சி சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். பழைய ஸ்டார்ட்டர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, மாவு ஒரு பங்கு என்று கலந்தால் 30 டிகிரியில் மூன்று மணி நேரத்துக்குள் ஏறி இறங்கிவிடலாம். பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டினால் நேரம் நீளும். பழைய அமிலமும் நீர்த்துப் போகும். மார்கழியில் நான் 1:2:2 என்று ஊட்டுவதை, பங்குனியில் 1:5:5 ஆக்கி, சித்திரை வைகாசியில் 1:10:10 வரை கொண்டுபோவேன். 5 கிராம் பழையது, 50 கிராம் தண்ணீர், 50 கிராம் மாவு. அதிலும் ஒரு சிட்டிகை உப்பு போட்டுவிடுவேன். உப்பு இரண்டு கூட்டத்தையும் அடக்கும். ஆனால் ஈஸ்டை விட பாக்டீரியாவைக் கூடுதலாக அடக்கும்.

ஃப்ரிட்ஜிலேயே பல நாள் கிடந்த ஸ்டார்ட்டரை நேராக மாவில் போடக் கூடாது. மேலே சாம்பல் நிறத் தண்ணீர் தேங்கியிருந்தால் அது பசித்துக் கிடக்கிறது என்று அர்த்தம். வெளியே எடுத்து இரண்டு மூன்று தடவை ஊட்டிய பிறகுதான் பழைய வேகம் திரும்பும்.

என் சித்திரை மாதக் கணக்கு

ஒரு ரொட்டிக்கு மைதா 300 கிராம், கோதுமை மாவு 100 கிராம், தண்ணீர் 260 கிராம், உப்பு 8 கிராம், ஸ்டார்ட்டர் 60 கிராம். நம் கடை மைதாவில் வெளிநாட்டு பிரெட் மாவு அளவுக்குப் புரதம் இருப்பதில்லை. ஆகவே தண்ணீரைக் கூட்டாமல் இந்த அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

இரவு ஒன்பது மணிக்கு ஸ்டார்ட்டருக்கு 1:10:10 என்று குளிர்ந்த தண்ணீரில் ஊட்டிவிடுவேன். விடியற்காலை ஐந்துக்கு அது குவிந்து நிற்கும். நாளின் குளிர்ச்சியான நேரமும் அதுதான். அப்போதே மாவைப் பிசைந்து, உப்பையும் உடனே சேர்த்து, அரை மணிக்கு ஒருமுறை என மூன்று தடவை கையை நனைத்து மாவை ஓரத்திலிருந்து இழுத்து மடித்து வைப்பேன். பிசைந்த மாவில் எலுமிச்சை அளவு கிள்ளி, நேரான கண்ணாடி டம்ளரில் அழுத்தி, அதன் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, பெரிய பாத்திரத்தின் பக்கத்திலேயே வைத்துவிடுவேன். மாவு எவ்வளவு எழும்பியது என்று அது சொல்லிவிடும். கடிகாரம் சொல்வதை விட நம்பகமாகச் சொல்லும். இரண்டு மடங்காகும் வரை நான் காத்திருப்பதில்லை. ஒன்றரை மடங்கு வந்ததும், வெயில் ஏறுமுன், ஒன்பதரை மணி வாக்கில் உருட்டிவிடுவேன். புளிப்பே வேண்டாம் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் வைத்து அன்றைக்கே சுட்டுவிடலாம். ஓடிஜி அவனை 230 டிகிரிக்கு நன்றாகச் சூடேற்றி, கனமான இரும்புச் சட்டியில் மூடிபோட்டு 20 நிமிடம், மூடி எடுத்து 20 நிமிடம்.

இதே மாவு மார்கழியில் எழும்ப ஏழெட்டு மணி நேரம் எடுக்கும். அப்போது இரவில் பிசைந்து காலையில் சுடலாம். தம்பி மனைவி மார்கழியில் செய்தது சரியாக வந்ததற்கும் சித்திரையில் கெட்டதற்கும் காரணம் இந்த நேர வித்தியாசம்தான்.

புளிப்பிலும் இரண்டு ஜாதி

மாவில் முக்கியமாக உண்டாவது இரண்டு அமிலம். லாக்டிக் அமிலம் தயிரில் இருப்பது. புளிப்பு மிருதுவாக, நாக்கு முழுக்கப் பரவும். அசெட்டிக் அமிலம் வினிகரில் இருப்பது. புளிப்பு கூர்மையாக, மூக்குவரை ஏறும். மாவு தளர்வாகவும் சூடாகவும் இருந்தால் லாக்டிக் ஓங்கும். கெட்டியாகவும் குளிர்ச்சியாகவும் இருந்து நேரமும் நீண்டால் அசெட்டிக்கின் பங்கு கூடும். “புளிச்சிருக்கு” என்று யாராவது சொன்னால் எந்தப் புளிப்பு என்று நான் கேட்பேன். தயிர்ப் புளிப்பு என்றால் மாவு சூட்டில் கூடுதல் நேரம் இருந்திருக்கிறது. வினிகர்ப் புளிப்பு என்றால் பெரும்பாலும் ஸ்டார்ட்டர் பட்டினியாகக் கிடந்திருக்கிறது, அல்லது மாவு ஃப்ரிட்ஜில் நெடுநேரம் இருந்திருக்கிறது.

மாவின் வகையும் இதில் சேரும். ரேஷன் கோதுமையைப் புடைத்துக் காயவைத்து மில்லில் அரைத்து வரும் மாவில் தவிடு முழுசாக இருக்கும். தவிட்டிலுள்ள தாது உப்புகள் அமிலத்தைத் தாங்கிக்கொள்வதால், பாக்டீரியாவுக்குத் தன் அமிலமே தடையாகும் நிலை வருவதற்குள் இன்னும் நிறைய அமிலம் சேர்ந்துவிடுகிறது. மில் கல்லில் நசுங்கிய மாவுச்சத்து சர்க்கரையாக உடைவதும் சுலபம். அதனால் முழுக் கோதுமை மாவு வேகமாகவும் புளிக்கும், கூடுதலாகவும் புளிக்கும். புளிப்பைக் குறைக்க நினைப்பவர்கள் ஸ்டார்ட்டரை மைதாவில் வளர்த்து, ரொட்டியில் மட்டும் கோதுமை மாவைச் சேர்க்கலாம். புளிப்பைக் கூட்ட நினைப்பவர்கள் ஸ்டார்ட்டரையே கோதுமை மாவில் வளர்க்கலாம். கோதுமையை ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம். தவிட்டில் இரும்பு, துத்தநாகச் சத்துகளைக் கட்டிவைக்கும் பைட்டிக் அமிலம், புளிக்கும்போது பெருமளவு உடைந்துவிடுகிறது. அது புளித்த மாவு தரும் நன்மை.

ஃப்ரிட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை. உருட்டிய மாவை உள்ளே வைத்ததும் புளிப்பது நின்றுவிடும் என்று எண்ணக் கூடாது. 30 டிகிரியில் இருக்கும் அரைக் கிலோவுக்கு மேற்பட்ட மாவு உள்வரை குளிர மணிக்கணக்கில் ஆகும். அதுவரை உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். வெயில் காலத்தில் ஒன்றரை மடங்குக்கும் முன்பாகவே, அதாவது மூன்றில் ஒரு பங்கு எழும்பியதுமே, உருட்டி உள்ளே தள்ளுங்கள். மறுநாள் காலை சுட்டால் லேசான புளிப்பும் நல்ல வாசனையும் கிடைக்கும். இரண்டாம் நாள் வரை வைத்தால் புளிப்பு தெளிவாக ஏறும்.

மற்ற ஊர்கள் காட்டும் வழி

சவர்டோ என்றாலே புளிக்க வேண்டும் என்பது சான் பிரான்சிஸ்கோ ரொட்டியால் பரவிய எண்ணம். பிரான்ஸில் இளம் ஸ்டார்ட்டரால் சுடும் ரொட்டியில் புளிப்பு பின்னால்தான் தெரியும். ஜெர்மனியில் ரை தானியத்து ரொட்டிக்குப் புளிப்பு கட்டாயம். ரை மாவிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைக் கரைத்து ரொட்டியின் நடுப்பகுதியைப் பசையாக்கிவிடும்; அமிலம்தான் அவற்றை அடக்குகிறது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பாடமாக இருந்தது இத்தாலியின் பனெட்டோனே. கிறிஸ்துமஸுக்குச் செய்யும் வெண்ணெயும் முட்டையும் நிறைந்த அந்த இனிப்பு ரொட்டி புளித்த மாவில்தான் எழும்புகிறது. ஆனால் சாப்பிடும்போது புளிப்பே தெரியக் கூடாது. அதற்காக அவர்கள் கெட்டியான ஸ்டார்ட்டரைத் துண்டுகளாக நறுக்கி, லேசாகச் சர்க்கரை கலந்த தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அமிலத்தைக் கழுவி எடுக்கிறார்கள். பிறகு வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, மாவு கலப்பதற்கு முன்னால் ஒரே நாளில் அடுத்தடுத்து மூன்று தடவை ஊட்டுகிறார்கள். கெட்டி மாவாக இருந்தும் புளிப்பு ஏறாததற்கு அந்த இடைவிடாத ஊட்டலே காரணம். நம் வீட்டிலும் ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறிப் புளித்துப்போனால், அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரு டீஸ்பூன் மட்டும் எடுத்து, ஒரே நாளில் காலை, மதியம், இரவு என ஊட்டிப் பாருங்கள். பெரும்பாலும் திருந்திவிடும்.

எந்தக் குழம்புக்கு எந்தப் புளிப்பு

புளிப்பை எந்த அளவில் நிறுத்துவது என்பதைத் தொட்டுக்கொள்ளும் பண்டத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் கொத்சு சுட்ட கத்தரிக்காயும் புளியும் சேர்ந்தது. அதோடு ரொட்டியும் புளித்தால் இரண்டும் மோதும். கொத்சுவுக்கு இளம் ஸ்டார்ட்டரில் அன்றைக்கே எழும்பி அன்றைக்கே சுட்ட ரொட்டிதான் பொருந்துகிறது. அதன் ஓரத்து மொறுமொறுப்பு கொத்சுவில் ஊறும்போது அம்மாவே இன்னொரு துண்டு கேட்பார். கடலூர்த் துறைமுகத்து மீனில் வைத்த குழம்பு மறுநாள் சுண்டி நிற்கும்போதும் அதே ரொட்டிதான். வெண்ணெய், முட்டை, தேங்காய்ப்பால் குருமா என்று கொழுப்பு மிகுந்தவற்றுக்கு ஃப்ரிட்ஜில் ஓர் இரவு இருந்த, புளிப்பு ஏறிய ரொட்டி எடுப்பாக இருக்கும்.

புளிப்பை முழுக்க ஒழிப்பதும் சரியில்லை என்பேன். கடற்கரை ஈரத்தில் சாதாரண பிரெட் இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். சவர்டோவில் உள்ள அமிலம், முக்கியமாக அசெட்டிக் அமிலம், பூஞ்சணத்தைத் தள்ளிப்போடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை நன்றாகப் பார்க்கலாம். ரசாயனம் எதுவும் சேர்க்காமல் ரொட்டி நாலு நாள் நிற்கிறது என்றால் அது இந்தப் புளிப்பின் தயவு. இன்னொன்று, சுட்டன்று தெரியாத புளிப்பு மறுநாள் சற்றுக் கூடித் தெரியும். ஆறிய ரொட்டியை ருசி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அளவு மீறிப் புளித்த தோசை மாவில் சோடா உப்பு போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சோடா உப்பு அமிலத்தோடு சேர்ந்து அதைத் தணிக்கும் என்பது உண்மைதான். ரொட்டியில் அதை நான் சேர்ப்பதில்லை. கொஞ்சம் கூடினாலும் சோப்பு ருசி வந்துவிடும். அறுந்த குளுட்டன் பின்னலை அது ஒட்டவும் வைக்காது. புளித்துத் தளர்ந்த மாவை வேறு வேலைக்குத் திருப்பிவிடுவதே நல்லது. தினமும் கழிக்கும் ஸ்டார்ட்டரை ஒரு டப்பாவில் சேர்த்து ஃப்ரிட்ஜில் வைத்திருப்பேன். அரிசி மாவு, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, சீரகம் சேர்த்து நீர்க்கக் கரைத்தால், ரவா தோசையைப் போல ஓரம் முறுகிய கோதுமை தோசை வரும். கெட்டியாகக் கரைத்தால் குழிப்பணியாரம். ஒரு கரண்டி மாவும் வீணாகாது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஓர் ஒழுங்கு சொல்கிறேன். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் ஸ்டார்ட்டரை இளசாக எடுங்கள். அதிலேயே புளிப்பு பாதி குறைவதை உணர்வீர்கள். அடுத்த தடவை தண்ணீரின் சூட்டை மாற்றுங்கள். அதற்கடுத்து மாவை எழும்ப விடும் நேரத்தை, பிறகு மாவின் வகையை. பிசைந்து முடித்ததும் மாவின் சூட்டையும், உருட்டும்போது மாவு எவ்வளவு எழும்பியிருந்தது என்பதையும், ஆறிய ரொட்டியின் ருசியையும் காலண்டர் ஓரத்திலாவது குறித்து வையுங்கள். சித்திரைக்கு ஒரு கணக்கு, ஐப்பசி மழைக்கு ஒரு கணக்கு, மார்கழிக்கு ஒரு கணக்கு என்று மூன்று கணக்கு உங்கள் வீட்டுக்கென்றே சேர்ந்துவிடும். குளிர் நாட்டுச் செய்முறையை விட அந்த மூன்றும் உங்களுக்கு உபயோகப்படும். தம்பி மனைவி இப்போது வெயில் காலத்தில் விடியற்காலையில்தான் பிசைகிறாள். அவள் வீட்டு ரொட்டி என்னுடையதை விடக் கொஞ்சம் புளிப்பு கூடியது. அவர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது, தெரிந்தேதான் அவள் அப்படிச் சுடுகிறாள்.